டர்போ கார் வாங்கியாச்சு, ஓட்டப்போவது வடசென்னையில்: எதில் தொடங்குவது?

டர்போ பெட்ரோல் கார் வாங்கிய முதல் மாதத்திலேயே எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ரீமேப் (பவர் கூட என்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது) எங்கே பண்ணலாம், எவ்வளவு ஆகும்? ரீமேப் பற்றிய பேச்சை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருக்கிறேன். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, மணலி, மாதவரம் என்று தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு முதலில் பார்க்கவேண்டியது ஆயில், சூடு, டயர். அந்த மூன்றும் சரியில்லாத வண்டியில் பவரை ஏற்றினால், ஏற்கெனவே இருக்கும் சின்னக் கோளாறு பெரிய செலவாக வந்து நிற்கும்.

இங்கே சொல்வது செகண்ட் ஹேண்டில் போலோ டிஎஸ்ஐ எடுத்தவருக்கும் பொருந்தும், ஷோரூமிலிருந்து நெக்ஸானோ ஃபிராங்க்ஸ் டர்போவோ ஐ20 என் லைனோ எடுத்தவருக்கும் பொருந்தும். டீசல்காரர்களுக்கு நடுவில் தனியாக ஒரு பத்தி உண்டு.

சுருக்கமாக, டர்போ என்றால்

என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாகச் செலுத்தலாம். 1 லிட்டர், மூன்று சிலிண்டர் என்ஜின் பெரிய என்ஜின் மாதிரி இழுப்பது இதனால்தான். அந்தத் தண்டு முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், புகைப் பக்கம் 900 டிகிரியைத் தொடும். இவ்வளவு வேகத்தில் சுற்றுகிற தண்டைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலான கார்களில் மெல்லிய ஆயில் படலம்தான், அதற்கு பால் பேரிங்கெல்லாம் கிடையாது. ஆயில் கெட்டாலோ, குறைந்தாலோ, போய்ச்சேரத் தாமதமானாலோ முதல் அடி டர்போவுக்குத்தான்.

அழுத்தப்படும் காற்று சூடாகும். அதைக் குளிரவைக்க நடுவில் இன்டர்கூலர் இருக்கிறது. சில வண்டிகளில் இது பம்பருக்குப் பின்னால் ரேடியேட்டர் போல நிற்கும், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் 1.0 டிஎஸ்ஐயில் கூலன்ட்டால் குளிர்விக்கும் வகை. உங்கள் வண்டியில் எது என்று தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம்ம ரோடு வண்டியை என்ன செய்கிறது

கம்பெனிக் கையேட்டில் ஆயில் மாற்ற 10,000 கிலோமீட்டர், 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று போட்டிருக்கும். பல கையேடுகளில் இன்னும் கொஞ்சம் புரட்டினால் கடுமையான பயன்பாடு என்று தனியாக ஒரு பகுதி வரும்: தூசி, நெரிசல், வெயில், குட்டிக் குட்டி ஓட்டம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் ட்ரெய்லர்களுக்குப் பின்னால் ஊர்ந்து, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று, மூலக்கடையைத் தாண்டி வேலைக்குப் போகிறவருக்கு அந்தப் பட்டியலில் எல்லாமே பொருந்திவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில் 10,000 கிலோமீட்டர் ஓட என்ஜின் 500 மணி நேரம் சுற்றவேண்டும். அதே தூரத்தை நெடுஞ்சாலையில் 60 சராசரியில் ஓடுகிறவருக்கு 170 மணி நேரம்கூட ஆகாது. ஓடோமீட்டருக்கு இரண்டும் ஒன்று, ஆயிலுக்கு அப்படி இல்லை. அதனால் நம் பக்கம் ஓடும் டர்போ பெட்ரோலுக்கு 7,500 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்றிவிடுங்கள். தினமும் நெரிசலில்தான் பிழைப்பு என்றால் 5,000. சர்வீஸ் சென்டரில் "இன்னும் டைம் இருக்கு சார்" என்பார்கள். இருக்கட்டும், காசு கொடுத்து மாற்றுங்கள். ஒரு டர்போவின் விலைக்கு எத்தனை தடவை ஆயில் மாற்றலாம் என்று கேட்டுப் பார்த்தால் பேச்சே நின்றுவிடும்.

அடுத்தது தூசி. எண்ணூர், அத்திப்பட்டு, மணலி பக்கம் ஓடும் வண்டியின் ஏர் ஃபில்டரைக் கழற்றி ஒரு பழைய பேப்பர் மேல் தட்டினால் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி விழும், நடுநடுவே கறுப்பாகக் கரித்தூள். மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள், மேலே வெள்ளையாகத் தெரியும் ஃபில்டர்கூட அடி மடிப்பில் கறுத்துப்போயிருக்கும். பங்க்கில் ஏர் அடித்துத் திரும்பப் போட்டுவிடலாம் என்று தோன்றும். வேகமாக அடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், அந்த வழியாகப் போகும் மணல் நேராக டர்போவின் காற்றுச் சக்கரத்தில் போய் மோதும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பாருங்கள், 10,000த்துக்குள் புதுசு போடுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்குச் சில நூறு ரூபாய் விஷயம்தான்.

கடைசியாக உப்பு. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கடலோரத் தெருக்களில் இரவு முழுக்க நிற்கும் வண்டியில் ஹோஸ் கிளாம்ப்பும் வயர் கனெக்டரும்தான் முதலில் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறையாவது அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன், நம் பக்கம் பல வாட்டர் வாஷ்களில் வருவது உப்பேறிய போர் தண்ணீர், அதில் கழுவுவதும் ஒன்றுதான், கடற்காற்றில் விடுவதும் ஒன்றுதான்.

முதல் வார இறுதியில் செய்யவேண்டியவை

பழைய வண்டி எடுத்திருந்தால், முன்னால் வைத்திருந்தவர் என்ன சொன்னாலும் சரி, ஆயிலும் ஆயில் ஃபில்டரும் உடனே மாற்றிவிடுங்கள். எந்த ஆயில் என்பதைக் கையேட்டில் பாருங்கள். 5டபிள்யூ30, 0டபிள்யூ20 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தர அடையாளமும் போட்டிருப்பார்கள், ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துக்கு அவர்களே கொடுக்கும் எண், மற்றவர்களுக்கு ஏபிஐ எஸ்பி போல. எஸ்பி என்பது 2020இல் வந்த தரம், டர்போ பெட்ரோலில் வரும் ஒரு குறிப்பிட்ட தட்டலைக் குறைப்பதை மனதில் வைத்து வந்தது, அந்தத் தட்டலைப் பற்றிக் கொஞ்ச நேரத்தில் பேசுவோம். "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியா 20டபிள்யூ50 ஊத்துங்க தம்பி" என்று ஆலோசனை வரும். ஊற்றாதீர்கள். ஆயில் கெட்டியானால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டர்போவுக்குப் போய்ச்சேர நேரம் பிடிக்கும். ஈகோஸ்போர்ட் ஈகோபூஸ்ட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும், அதில் டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள் ஓடுகிறது, தப்பான ஆயில் அந்த பெல்ட்டை அரித்துவிடும்.

ஆயில் மாற்றியபின் அளவு பார்க்கும் பழக்கத்தைத் தொடங்குங்கள். ஞாயிறு காலை, வண்டி சமதளத்தில் நிற்க, டிப்ஸ்டிக்கை உருவி, துணியில் துடைத்து, முழுக்க உள்ளே விட்டு மறுபடி எடுத்துப் பார்க்கவேண்டும். முதல் தடவை எடுத்ததும் தெரியும் அளவு பொய். இரண்டு கோட்டுக்கும் நடுவில், மேல்பாதியில் இருந்தால் போதும். டர்போ பெட்ரோல் கொஞ்சம் ஆயில் குடிக்கும், அது கோளாறு இல்லை. ஆனால் மாதாமாதம் எவ்வளவு குடிக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும், திடீரென்று கூடினால்தான் பிரச்சினை. மேல்கோட்டுக்கு மேலே ஊற்றுவதும் கெடுதல், மிச்ச ஆயில் ஆவியாகிக் காற்றுக் குழாய்க்குள் வரும்.

கூலன்ட்டைப் பாருங்கள். டப்பாவில் நிறம் வெளுத்து, துருக் கலரில் இருந்தால் முன்னால் இருந்தவர் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். முழுக்க வடித்து, உங்கள் வண்டிக்குச் சொன்ன வகையை, டிஸ்டில்டு வாட்டரோடு கலந்தோ கலந்தே வருவதையோ நிரப்பச் சொல்லுங்கள். பல டர்போக்களுக்குள்ளும் கூலன்ட் ஓடுகிறது, என்ஜினை அணைத்தபின் டர்போவின் சூட்டை இறக்குவது அதுதான். போர் தண்ணீரில் இருக்கும் உப்பு அந்தச் சின்ன வழிகளில் படிந்தால் உள்ளே யாரும் பிரஷ் போட்டுத் தேய்க்க முடியாது.

ஸ்பார்க் பிளக் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தில் தீப்பொறி தாண்டுவது கஷ்டம், அதனால் தேய்ந்த பிளக் சாதாரண காரில் கொடுக்கும் தொல்லையைவிட இங்கே அதிகம் கொடுக்கும். மூன்றாவது கியரில் முழுசாக மிதிக்கும்போது வண்டி விட்டு விட்டு உதறினால் முதல் சந்தேகம் பிளக், அடுத்தது பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்.

அப்புறம் ஒரு ஓபிடி ரீடர் வாங்குங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகி, போனில் ப்ளூடூத்தில் பார்க்கும் சின்னக் கருவி, சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. கோளாறுக் குறியீடு படிப்பதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கூலன்ட் சூடு, உள்ளே போகும் காற்றின் சூடு, பூஸ்ட் அழுத்தம், இந்த மூன்றையும் வண்டி நன்றாக ஓடும் நாளிலேயே பார்த்து எழுதிவையுங்கள். கோளாறு வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க இது இல்லாவிட்டால் அந்த எண்களைப் பார்த்து ஒன்றும் புரியாது.

ஓட்டும் முறை

பராமரிப்பில் பாதி வலது காலில்தான் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடத்தில் கிளம்பிவிடலாம், நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் உறுமவிட வேண்டாம். ஆனால் முதல் நான்கைந்து கிலோமீட்டர் மெதுவாகத்தான். கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை, ஆயில் எப்போதும் பின்தங்கித்தான் வரும். வண்ணாரப்பேட்டையில் கிளம்புகிறவர் மாதவரம் ரவுண்டானா வரும்வரை டர்போவை மறந்துவிடுவது நல்லது.

அணைக்கும்போது ஐடிலில் விடவேண்டுமா என்பது பழைய சண்டை. நெரிசலில் ஊர்ந்து வீட்டுக்கு வந்தால் தேவையே இல்லை, டர்போ ஏற்கெனவே ஓய்வில்தான் இருந்தது. கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து 100இல் வந்து நேராக டீக்கடை முன்னால் நிறுத்தினால் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். அணைத்தபின் ஃபேனும் பம்பும் தானாக ஓடினால் பயப்படாதீர்கள், அது அதன் வேலையைச் செய்கிறது. இதே காரணத்துக்காக, நெடுஞ்சாலையில் விரட்டிவந்து டோல்கேட்டில் நிற்கும்போது ஆட்டோ ஸ்டாப் என்ஜினை அணைக்காதபடி பட்டனை அழுத்திவிடுங்கள்.

முக்கியமானது இதுதான், இதை யாரும் ஷோரூமில் சொல்வதில்லை. மைலேஜுக்காக 30 வேகத்தில் நான்காவது கியர் போட்டு, முன்னால் லாரி விலகியதும் அதே கியரில் ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதிப்பவர்கள் நிறைய. சாதாரண காரில் அது சும்மா முக்கும். டர்போவில் 1,500 சுற்றிலேயே முழு அழுத்தம் வந்துவிடும், பிஸ்டனோ மெதுவாக நகர்கிறது, சிலிண்டருக்குள் சேர்ந்திருக்கும் ஆயில் துளியோ கரித்துணுக்கோ பிளக் பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். நான் முன்பு சொன்ன தட்டல் இதுதான். ஒரே ஒரு பலமான தட்டல் பிஸ்டனையே உடைக்கப் போதும். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டிஎஸ்ஐ, பூஸ்டர்ஜெட், ஹூண்டாயின் டி-ஜிடிஐ வகைகளில்தான் இந்த ஆபத்து அதிகம். இழுவை வேண்டுமா, ஒரு கியர் குறைத்து 2,200க்கு மேலே கொண்டுவந்து மிதியுங்கள். ஆட்டோமேட்டிக் அதுவே பார்த்துக்கொள்ளும், மேனுவல்காரர்கள் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

நேராகப் பீய்ச்சும் வகைக்கு இன்னொரு குணமும் உண்டு. பெட்ரோல் வால்வின் முதுகில் படுவதே இல்லை என்பதால் அங்கே கரி கழுவப்படாமல் படியும். பங்க்கில் விற்கும் இன்ஜெக்டர் கிளீனர் பாட்டில் அந்த வால்வைத் தொடவே தொடாது. ஐடிலில் நடுக்கம், இழுவை மந்தம் என்று 60,000, 70,000 கிலோமீட்டர் தாண்டி வந்தால் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டைக் கழற்றி வால்வைச் சுத்தம் செய்யவேண்டியிருக்கலாம். நெக்ஸானின் 1.2, மேக்னைட், கைகரின் 1.0 டர்போ எல்லாம் பழைய முறைப்படி வெளியே பீய்ச்சும் வகை, அவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

டீசல்காரர்களுக்கு: 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 டீசலில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் இருக்கிறது. அது சூடாகித் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும், அதற்கு நிற்காத ஓட்டம் வேண்டும். ராயபுரத்திலிருந்து பாரிமுனைக்கு மட்டும் போய்வந்தால் அது அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை செங்குன்றம் தாண்டி இருபது, முப்பது நிமிடம் ஒரே சீராக ஓட்டிவிட்டு வாருங்கள்.

பெட்ரோல், வெயில், மழை

மணலியில் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது, அதனால் நம்ம ஏரியா பெட்ரோல் சுத்தம் என்று நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆலையிலிருந்து நல்லதாகத்தான் வரும். பங்க்கின் தரைக்கடித் தொட்டியில் தண்ணீர் இறங்கியிருந்தால் ஆலை பக்கத்தில் இருந்து என்ன பயன்? எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் தண்ணீரோடு பிரிந்து அடியில் போய்விடும். அதனால் விற்பனை அதிகமுள்ள பங்க்காகப் பார்த்து ஒன்றிலேயே போடுங்கள், பெருமழை பெய்து தண்ணீர் தேங்கிய தெருவில் இருக்கும் பங்க்கை ஒரு வாரம் தவிருங்கள். கூடுதல் ஆக்டேன் (தட்டலைத் தாங்கும் திறன்) பெட்ரோல் வேண்டுமா என்றால், எதுவும் மாற்றாத ஸ்டாக் வண்டிக்குக் கையேடு சொல்வதே போதும், கத்திரி வெயிலில் மட்டும் அதைப் போட்டால் பிக்கப் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். ரீமேப் செய்த வண்டிக்கு எந்த ஆக்டேனுக்கு எழுதினார்களோ அது கட்டாயம்.

வெயிலைப் பற்றி ஒரு விஷயம். மே மாதம் மதியம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம் சிக்னலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள், பானெட்டுக்குள் டீக்கடை பாய்லர்தான். உள்ளே போகும் காற்றின் சூட்டை ஓபிடியில் பார்த்தால் வெளிவெயிலைவிட 20, 30 டிகிரி கூட இருக்கும். அந்த நேரத்தில் மிதித்தால் வண்டி மந்தமாகத்தான் போகும், கம்ப்யூட்டர் தட்டல் வராமலிருக்க இக்னிஷனை, அதாவது பிளக் பொறி விழும் நேரத்தைப் பின்னால் தள்ளுகிறது. பலர் இதைக் கோளாறு என்று நினைத்து ஒர்க்‌ஷாப் போகிறார்கள். இரண்டு கிலோமீட்டர் ஓடினால் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் இன்டர்கூலர் இடுக்குகளில் சேறும் பிளாஸ்டிக் கவரும் அடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மழையில் ஒரே விதிதான், வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி தண்ணீர் நிற்கும் இடத்தில் இறங்காதீர்கள். காற்று உறிஞ்சும் வாய் பல கார்களில் கிரில்லுக்குப் பின்னாலேயே இருக்கிறது. பக்கத்தில் வரும் லாரி எழுப்பும் அலை ஒன்றே போதும், தண்ணீர் உள்ளே போனால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளி ஓரம் கட்டுங்கள். இன்சூரன்ஸில் என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாமல் நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையைத் தாண்டுவது துணிச்சல்தான்.

"டர்போ போச்சு" என்று சொன்னால்

பிக்கப் இல்லை, புஸ் என்று ஒரு சத்தம், செக் என்ஜின் லைட். ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்து, ஒரு குழாயைக் கழற்றி, விரலை விட்டு எடுத்து, விரல் நுனியில் மின்னும் ஆயிலைக் காட்டி "பாருங்க சார், டர்போ ஆயில் தள்ளுது, போச்சு" என்பார்கள். அந்தக் குழாய்க்குள் மெல்லிய ஆயில் பூச்சு இருப்பது சகஜம், என்ஜின் மூச்சுவிடும் குழாய் அங்கேதான் வந்து சேர்கிறது. குழாயைச் சாய்த்தால் ஆயில் வழிந்து ஊற்றினால்தான் கவலை.

முதலில் பார்க்கவேண்டியது கசிவு. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் ரப்பர் குழாய்களின் இணைப்பு ஒவ்வொன்றிலும் கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள். துருப்பிடித்த கிளாம்ப் இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், குழாயை அசைத்தால் ஆடும். ஆடும் இடத்தைச் சுற்றி ஆயிலில் ஒட்டிய கறுப்புத் தூசி வளையமாகப் படிந்திருக்கும், காற்று வெளியேறிய தடம் அது. குழாயின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்க மறக்காதீர்கள், பிளவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் இருக்கும். ஸ்மோக் டெஸ்ட் கருவி வைத்திருக்கும் கடையாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர். டர்போவுக்குத் தேவைக்கு மேல் புகை போகாமல் திருப்பிவிடும் கதவை அசைப்பது அதுதான். அந்தக் கம்பி சிக்கிக்கொண்டால் பூஸ்ட் வராது, அல்லது கண்டபடி வரும். சில வண்டிகளில் அதை மட்டும் மாற்றலாம், மொத்த டர்போவும் தேவையில்லை.

டர்போவையே பார்க்கவேண்டுமானால், என்ஜின் ஆறியபின் காற்று வரும் குழாயைக் கழற்றி, தண்டின் முனையை இரண்டு விரலால் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் நூலளவு ஆடலாம். உள்ளே வெளியே ஆடக்கூடாது, இறக்கைகள் சுவரில் உரசிய கீறலும் இருக்கக்கூடாது. நீலப் புகை, ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏறி இறங்கும் சத்தம், வாரத்துக்கு வாரம் குறையும் ஆயில், இவை சேர்ந்து வந்தால் உண்மையிலேயே போய்விட்டது. மாற்றும்போது ஆயில் வரும் சின்னக் குழாயையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பழையது எதனால் செத்தது என்று பார்க்காமல் புதுசைப் போட்டால் அதே கரி அடைத்த குழாய் புதுசையும் கொன்றுவிடும்.

இனி, மேம்படுத்துவது

முதலில் டயர். கம்பெனியிலிருந்து வரும் டயர் பெரும்பாலும் மைலேஜுக்காகத் தேர்ந்தெடுத்தது. என்ஜினின் 170, 180 நியூட்டன் மீட்டர் இழுவை முன்சக்கரத்தில் இறங்கும்போது ஈர ரோட்டில் அது வெறுமனே சுற்றும், அதற்குமேல் பவர் ஏற்றி என்ன செய்யப்போகிறீர்கள்? அதே ரிம்மில் நல்ல டயர், முடிந்தால் கையேடு அனுமதிக்கும் ஒரு அளவு அகலம் கூட. பெரிய ரிம், ஒல்லியான டயர் ஆசை நம் பக்கம் வேண்டாம், ட்ரெய்லர்கள் உழுதுபோட்ட மணலி ரோட்டில் ரிம் வளைய ஒரு பள்ளம் போதும். அடுத்து பிரேக் பேட், பிரேக் ஆயில். டாட் 4 பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டியது, அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், கடற்கரையோரம் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

கோன் ஃபில்டர் என்று ஒன்று விற்பார்கள், சத்தம் நன்றாக இருக்கும். திறந்தபடி பானெட்டுக்குள் உட்கார்ந்து சூடான காற்றையும் தூசியையும் இழுக்கும். ஒரிஜினல் பெட்டியிலேயே உட்காரும் நல்ல பேனல் ஃபில்டர் போதும்.

இதெல்லாம் முடிந்தபின் ஸ்டேஜ் 1 ரீமேப். வண்டியில் எந்தப் பாகமும் மாற்றாமல் கம்ப்யூட்டரில் பூஸ்ட், பெட்ரோல், இக்னிஷன் கணக்கை மாற்றுவது. டியூனர்கள் வழக்கமாகச் சொல்வது 20 முதல் 30 விழுக்காடு கூடுதல். போவதற்கு முன் கேட்கவேண்டியவை: உங்கள் வண்டியின் ஃபைலை முதலில் படித்துச் சேமித்து வைக்கிறார்களா, மாற்றியபின் ஓட்டிப் பார்த்து லாக் (ஓடும்போது பதிவாகும் எண்கள்) எடுத்துக் காட்டுவார்களா, எந்த ஆக்டேனுக்கு எழுதுகிறார்கள், சர்வீஸ் சென்டரில் கம்பெனி ஃபைலை அதன்மேல் எழுதிவிட்டால் ரீமேப்பைத் திரும்பப் போட்டுத் தருவார்களா. லாக் எடுக்காமல், லேப்டாப்பைச் சொருகி அரை மணியில் "முடிஞ்சுது பாஸ்" என்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். சென்னையின் மே மாதச் சூட்டில் காற்றுச் சூடு எவ்வளவு ஏறுகிறது, அப்போது இக்னிஷன் எவ்வளவு பின்வாங்குகிறது என்று பார்க்காமல் எழுதிய மேப், பெங்களூருவில் நன்றாக ஓடலாம், இங்கே தட்டும்.

கியர்பாக்ஸின் தாங்கும் திறனையும் பாருங்கள். ஃபோக்ஸ்வாகனின் உலர் கிளட்ச் 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் 250 நியூட்டன் மீட்டருக்கு வடிவமைத்தது. பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ கொடுத்தது 175, இடம் இருந்தது. 1.5 டிஎஸ்ஐ கம்பெனியிலிருந்தே 250 கொடுக்கிறது, அதற்கு மேல் ஏற்றுவது உங்கள் சொந்தப் பொறுப்பு, அதிலும் நெரிசலில் அரை கிளட்ச்சில் ஊரும் நம்மைப் போன்றவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். மேனுவலில் மேல் கியரில் மிதிக்கும்போது ஆர்பிஎம் மட்டும் எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

ஸ்டேஜ் 2 என்றால் டர்போவிலிருந்து புகை வெளியேறும் டவுன்பைப்பை மாற்றுவது, பெரும்பாலும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைப் பிடுங்குவது. தினசரி வண்டிக்கு வேண்டாம். புகைச் சோதனையில் தேறாது, ஏற்கெனவே எண்ணூரும் மணலியும் மூச்சுவிடுவது போதும், நாமும் சேரவேண்டியதில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே வருடத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ரீமேப் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள், சர்வீஸ் கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஃபோக்ஸ்வாகன் குடும்பத்தில் டிடி1 என்று குறி விழுந்தால் பவர்டிரெய்ன் (என்ஜின், கியர்பாக்ஸ்) வாரண்டி போனதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் அவர்கள் கையில் ஒரு காரணமாக மாறும். அதனால் என் அபிப்பிராயம், வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் ரீமேப் வேண்டாம்.

ஏற்றிய பவரைப் பார்க்க ராத்திரி எண்ணூர் விரைவுச் சாலைக்குப் போகாதீர்கள், அங்கே பின்விளக்கு எரியாத ட்ரெய்லர் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது, வடக்குப் பக்கத்துக்காரர்களுக்கு அது ஒரு பெருமை. இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்தான், டிராக் டே நடக்கும் நாளில் பணம் கட்டி ஓட்டலாம்.

ரீமேப் செய்தால் முதல் 1,000 கிலோமீட்டரில் வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக், ஒருமுறை ஓபிடி லாக். பிளக்கைக் கையேடு சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றுங்கள், ஆயில் 5,000ஐத் தாண்ட வேண்டாம். கிளாம்ப் எல்லாவற்றையும் ஒருமுறை திரும்ப இறுக்குங்கள், பூஸ்ட் கூடியதும் பழைய இணைப்பு எது பலவீனமோ அது முதல் வாரத்திலேயே கழன்றுகொள்ளும்.